நடுவயதில் ஒற்றைப் பலகை நீர்ச்சறுக்கு: யாழ்ப்பாணத்தவருக்கான கேள்விகளும் பதில்களும்

விடுமுறைக்கு ஊர் வரும் உறவினரோடு பெந்தோட்டைக்குப் போய் ஒருமுறை நீர்ச்சறுக்கில் ஏறிப் பார்த்தவர்களும், கனடாவில் ஏரிக்கரையில் பழகி இப்போது யாழ்ப்பாணத்தில் நிலையாகத் தங்கிவிட்டவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தரப்படுகின்றன. நாற்பதைக் கடந்து, போட்டிக்காக அன்றி மகிழ்ச்சிக்காக மட்டும் சறுக்க விரும்புவோரை மனதில் வைத்தே இவை எழுதப்பட்டுள்ளன.

ஸ்லாலம் எனப்படும் ஒற்றைப் பலகைச் சறுக்கு என்பது எது?

இரு கால்களையும் ஒரே பலகையில் ஒன்றின் பின் ஒன்றாகப் பொருத்தி, படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்தபடி, படகின் பின்னலையை (படகுக்குப் பின்னால் எழும் அலையை) இடமும் வலமுமாக வெட்டிக் கடந்து செல்வதே இதுவாகும். நீர்ச்சறுக்கை 1922ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துப் பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவெல்சன் என்ற 18 வயது இளைஞர் முதன்முதலில் செய்து காட்டினார். அவர் பாவித்தவை இரண்டு பலகைகள். ஒற்றைப் பலகை பின்னர் வந்தது.

போட்டிகளில் 259 மீற்றர் நீளமான பாதையில் ஆறு மிதவைகளைச் சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு மிதவையும் படகு செல்லும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீற்றர் தள்ளி இருக்கும். கயிற்றை 18.25 மீற்றரில் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போவார்கள். உயர்நிலை வீரர்கள் 11.25 மீற்றர்க் கயிற்றோடும் மிதவையைச் சுற்றுகிறார்கள் என்றால், கயிறு எட்டாத தூரத்தை அவர்கள் தங்கள் உடலைச் சாய்த்து நீட்டியே எட்டுகிறார்கள் என்பது பொருள். இந்தக் கணக்கு சுவையானதுதான், ஆனால் பொழுதுபோக்காகச் சறுக்குபவருக்கு மிதவைப் பாதையே தேவையில்லை; திறந்த நீரில் பின்னலையைக் கடந்து திரும்புவதே ஒரு வாழ்நாளுக்குப் போதுமான பயிற்சி.

நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் தொடங்கலாமா?

தொடங்கலாம். இரு பலகைகளில் நிற்கப் பழகிய பின்னர், ஓடும்போதே ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதில் நிற்பது, அதன் பின்னர் ஒற்றைப் பலகையிலேயே நீரிலிருந்து எழுவது என்ற வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். மூத்தோர் பிரிவுப் போட்டிகளில்கூட 35 வயதைக் கடந்த ஆண்களுக்கு உச்ச வேகம் 58 கிலோமீற்றரிலிருந்து 55 ஆகக் குறைக்கப்படுகிறது. உங்களுக்கு 40 முதல் 48 கிலோமீற்றர் போதும்.

வயதோடு வரும் ஆபத்துகளில் முதலாவது தொடையின் பின்புறத் தசைநார் கிழிவதாகும். நீரிலிருந்து எழும் வேளையில் முழங்காலை அவசரமாக நீட்டி, உடலை முன்னே வளைத்தால், படகின் இழுவை முழுவதும் இருக்கை எலும்போடு தசைநார் ஒட்டியிருக்கும் இடத்தில் விழுகிறது. அது அறுந்தால் சத்திரசிகிச்சை வரை போகலாம். ஆகவே முழங்கால் மடிந்தே இருக்க வேண்டும் என்பது அழகுக்காகச் சொல்லப்படும் அறிவுரை அன்று. உங்கள் ஆயத்தத்தை வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம்: தரையில் குதிகால் பதியக் குந்தியிருந்து, கையூன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் சில மாதங்கள் அதையே பழகுங்கள், பலகை காத்திருக்கும்.

அடுத்தது நீரிழிவு. எம்மவரிடையே அது பரவலாக இருப்பதால் வெளிப்படையாகவே சொல்லவேண்டியிருக்கிறது. பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள், பலகையில் காலைப் பொருத்தும் இறுக்கமான பூட் தோலை உரசுவதை உணரமாட்டார்கள்; சிறிய காயம் உவர்நீரில் ஊறி ஆறாத புண்ணாகலாம். இன்சுலின் போடுபவர்கள் அதிகாலையில் வெறும் வயிற்றோடு கடலுக்குப் போகக் கூடாது. இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்கும்போது, "கடலில் குளிக்கலாமா" என்று கேட்காமல், "மணிக்கு 45 கிலோமீற்றர் வேகத்தில் நீரில் விழலாமா" என்றே கேட்கவேண்டும். கேள்வி மாறினால் பதிலும் மாறும்.

யாழ்ப்பாணத்தில் எங்கே, எப்போது சறுக்கலாம்?

இடத்தைவிடக் காற்றுத்தான் முதலில் தீர்மானிக்கிறது. சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் நண்பகலுக்குப் பின் நீர் குறுகிய, கூரிய அலைகளாகக் கொந்தளிக்கும். வாடைக்காற்றும் மாரி மழையும் ஒக்டோபருக்குப் பின் வரும். இரண்டுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களின் அதிகாலைகளே நீர் தட்டையாகக் கிடக்கும் நேரம். சோளகக் காலத்திலும் விடிந்த முதல் ஒரு மணித்தியாலம் சில நாட்களில் கைகொடுக்கும்.

யாழ்ப்பாணக் கடல்நீரேரி பார்வைக்கு விரிந்திருந்தாலும் பெரும்பகுதி ஆழமற்றது. பண்ணைப் பாலத்தின் இருபுறமும் மனிதர் நடந்து சென்று மீன் பிடிக்கும் அளவு நீரே பல இடங்களில் உண்டு. விழுபவரின் தலையும் பலகையின் நுனியும் நிலத்தில் முட்டாதிருக்க ஏறக்குறைய 2 மீற்றர் ஆழம் வேண்டும். ஆழம் உள்ள ஊர்காவற்துறை, காரைநகர் இடையிலான வாய்க்காலோ படகுப் போக்குவரத்து உள்ள வழி. தொண்டமானாற்று நீர் மாரிக்குப் பின் அமைதியாக இருக்கும், கோடையில் குறைந்துவிடும். கசூரினாக் கடற்கரை குளிப்பவர்களுக்கு உரியது. அங்கே சறுக்குவதாயின் கரையிலிருந்து வெகுதூரம் விலகவேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. கடல்நீரேரி வெறும் நீர்ப்பரப்பு அன்று, பலரின் தொழிலிடம். சிறகுவலை, களங்கட்டி போன்ற நிலையான மீன்பிடி வலைகளுக்காக நட்டிருக்கும் தடிகள் பெருக்கு நேரத்தில் நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே மறைந்து நிற்கும். அவற்றில் ஒன்றில் மோதுவது உங்களுக்கு உயிராபத்து, வலைக்காரருக்கு அன்றைய வருமான இழப்பு. ஆகவே அவ்விடத்துக் கடற்றொழிலாளர் சங்கத்தாரிடம் முன்கூட்டியே கதைத்து, எந்தப் பகுதியில் தடிகள் இல்லை, எந்த நேரம் வலை இழுப்பதில்லை என்று அறிந்து, அவர்களில் ஒருவரையே வழிகாட்டியாகக் கூட்டிச் செல்வது நல்லது. கடற்படையினருக்கும் தகவல் கொடுங்கள். கரையில் இறங்கும்போது மணலில் புதைந்திருக்கும் திருக்கையை மிதிக்காதிருக்கப் பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடவுங்கள்.

இவ்வளவும் தொல்லையாகத் தோன்றினால், பழகுவதற்குக் கொழும்பிலிருந்து தெற்கே ஏறக்குறைய 65 கிலோமீற்றரில் உள்ள பெந்தோட்டை ஆறு இருக்கிறது. அங்கே படகும் பயிற்றுநரும் கிடைப்பார்கள். முதல் சில முறை அங்கே எழப் பழகிவிட்டுப் பின்னர் ஊர் நீருக்கு வருவதே எனது பரிந்துரை.

மீன்பிடி வள்ளம் போதுமா?

இரு பலகைகளில் ஒல்லியான ஒருவரை இழுக்க, பாரம் குறைந்த வள்ளத்தில் 40 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரம் போதலாம். 80 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைப் பலகையில் நீருக்குள்ளிருந்து எழ அது பெரும்பாலும் திணறும். எழும் நேரம் நீளநீளக் கையும் இடுப்பும் சோர்ந்துவிடும். பலவீனமான இயந்திரத்தை நடுவயது உடலால் ஈடுசெய்ய முடியாது என்பதால், வலுவான இயந்திரம் உள்ள படகை வாடகைக்கு எடுப்பது வீண் செலவு அன்று.

பின்னால் அமர்ந்து கைபிடியால் திருப்பும் இயந்திரத்தில் இழுவைக் கயிறு ஓட்டுநரின் உடலுக்கு அருகாகவே செல்லும். ஆகவே முன்னால் சுக்கான் சக்கரம் உள்ள படகையே தெரிவுசெய்யுங்கள். கயிற்றை ஒரு பக்கக் கொளுக்கியில் மட்டும் கட்டினால் படகு ஒருபக்கம் இழுபடும். படகின் பின்சுவரில் உள்ள இரு வலுவான வளையங்களிலும் பொருத்திய முக்கோணக் கயிற்றின் நடுவே இழுவைக் கயிறு வரவேண்டும். வேகத்தை ஓட்டுநரின் ஊகத்துக்கு விடாமல் கைத்தொலைபேசியின் ஜி.பி.எஸ். கொண்டு பாருங்கள்.

படகில் ஓட்டுநரைத் தவிர, சறுக்குபவரையே பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொருவர் கட்டாயம் இருக்கவேண்டும். கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை, தலையில் தட்டினால் கரைக்குத் திரும்பு, கழுத்தை அறுப்பதுபோல் காட்டினால் இயந்திரத்தை நிறுத்து. விழுந்தபின் கையை உயர்த்திக் காட்டினால் நலமாக இருக்கிறேன் என்று பொருள். கை உயராவிட்டால் உடனே திரும்பிச் செல்லவேண்டும். ஆள் படகில் ஏறும்போது இயந்திரம் நியூட்ரலில் அன்று, முற்றாக நிறுத்தப்பட்டே இருக்கவேண்டும்.

பலகையின் நீளத்தையும் அகலத்தையும் எப்படித் தெரிவுசெய்வது?

உயரத்தைப் பார்த்து அல்ல, உடல் எடையையும் நீங்கள் உண்மையில் ஓடப்போகும் வேகத்தையும் பார்த்து. தயாரிப்பாளர்களின் அட்டவணைகள் பெரும்பாலும் இறாத்தலிலும் மைலிலும் இருக்கும்: மணிக்கு 26 முதல் 30 மைல் என்பது 42 முதல் 48 கிலோமீற்றர், 30 முதல் 34 மைல் என்பது 48 முதல் 55 கிலோமீற்றர். முதலாவது வரிசையே உங்களுடையது. அவ்வேகத்தில் 60 கிலோ அளவுள்ளவருக்குப் பொதுவாக 65 அங்குலமும், 70 முதல் 80 கிலோ உள்ளவருக்கு 67 அங்குலமும், 90 கிலோவைத் தாண்டியவருக்கு 69 அங்குலமோ அதற்கு மேலோ பொருந்தும். எடையைச் சொல்லும்போது திருமணப் படத்தில் இருப்பவரின் எடையை அல்ல, இன்று தராசில் நிற்பவரின் எடையையே சொல்லுங்கள். இரு அளவுகளுக்கு நடுவே வந்தால் பெரியதை எடுங்கள்.

அகலம் இன்னும் முக்கியமானது. போட்டிக்கான பலகைகள் ஒடுங்கியவை. வேகம் குறைந்தால் அவை நீருக்குள் அமிழ்ந்து, சறுக்குபவரின் கைகளிலிருந்தே ஆதரவைக் கேட்கும். நடுப்பகுதியும் முன்பகுதியும் அகன்ற பலகை விரைவில் மேலெழும், குறைந்த வேகத்திலும் மிதக்கும், சமநிலை தவறும்போது ஒரு கணம் பொறுத்திருக்கும். ரேடார் நிறுவனத்தின் செனட், எச்.ஓ. நிறுவனத்தின் ஆம்னி ஆகியன இவ்வகையில் பலர் அறிந்தவை. கொனலி, ஓ'பிரையன் நிறுவனங்களிடமும் அகன்ற பலகைகள் உண்டு. அகன்ற பலகை கற்றுக்குட்டிகளுக்கு மட்டுமே உரியது என்ற பேச்சைக் காதில் போடவேண்டாம். நன்றாகச் சறுக்கத் தெரிந்த ஐம்பது வயதினர் பலர், ஒரு காலைப்பொழுதில் கூடுதல் சுற்றுகள் ஓடலாம் என்பதற்காகவே அதற்கு மாறியிருக்கிறார்கள்.

பலகையின் விளிம்பையும் கையால் தடவிப் பாருங்கள். கூரான விளிம்பு உள்ளது நீரின் மேல் உயர்ந்து ஓடும். உருண்ட விளிம்பு உள்ளது நீருக்குள் இறங்கித் திரும்புவதை எளிதாக்கும். நுனி முதல் வால் வரையான வளைவு அதிகமாக இருந்தால் திரும்புவது இலகு, வேகம் பிடிப்பது கடினம். பொழுதுபோக்குப் பலகைகளில் இவை நடுநிலையாகவே அமைக்கப்பட்டிருப்பதால் இதில் அதிகம் மூளையைக் கசக்க வேண்டியதில்லை.

காபனா, கண்ணாடியிழையா?

கண்ணாடியிழை, அல்லது சிறிதளவு காபன் கலந்தது. முழுக் காபன் பலகை இலேசானது, விறைப்பானது, செய்த பிழையையும் உடனே திருப்பிக் காட்டுவது. 45 கிலோமீற்றர் வேகத்தில் அதன் நன்மை உங்களை வந்து சேராது, விலை மட்டும் வந்து சேரும். மிச்சமாகும் பணத்தை நல்ல பூட்டிலும் உயிர்காப்பு அங்கியிலும் போடுங்கள்.

இரு கால்களுக்கும் பூட் வேண்டுமா, பின்காலுக்குத் தோல்பட்டி போதுமா?

எந்தக் கால் முன்னே வரும் என்பதை முதலில் அறியவேண்டும். இரு பலகைகளில் ஓடும்போது ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்து, எந்தக் காலில் உறுதியாக நிற்க முடிகிறதோ அதையே முன்காலாகக் கொள்வது நம்பத்தகுந்த வழி.

முன்காலுக்குப் பூட்டும் பின்காலுக்குத் திறந்த பட்டியும் உள்ள அமைப்பில், எழும்போது பின்காலை வெளியே விட்டு நீரில் இழுத்துச் சமநிலை பிடிக்கலாம், எழுந்தபின் உள்ளே நுழைக்கலாம். இரு பூட்களும் உள்ள அமைப்பில் கட்டுப்பாடு கூடும், பலகை உடலோடு ஒன்றாகத் திரும்பும். ஆனால் விழும்போது இரு கால்களும் ஒன்றாகக் கழன்றுவர வேண்டும். ஒன்று கழன்று மற்றது மாட்டிக்கொண்டால் கணுக்காலும் முழங்காலும் முறுக்குப்படும். முன்பூட் கழன்று பின்கால் பட்டியில் சிக்குவதும் உண்டு என்பதால் எந்த அமைப்பும் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல இயலாது. தொடங்குபவருக்கு நான் பட்டியையே சொல்வேன். எழுவதில் தடுமாற்றம் நீங்கியபின் இரண்டாவது பூட்டை வாங்கலாம்.

பூட் கணுக்காலைத் தாங்கும் அளவு இறுக்கமாக, ஆனால் பலமாக இழுத்தால் குதிகால் எழக்கூடியதாக இருக்கவேண்டும். முன்புறம் நாடா இழுத்துக் கட்டும் மென்மையான வகை நடுவயதினருக்கு உகந்தது, ஏனெனில் முழு இறப்பர் வகையில் காலை நுழைக்கக் குனிந்து போராடுவதிலேயே இடுப்புப் பிடித்துக்கொள்ளும். காலை எளிதாக நுழைக்கச் சவர்க்காரக் கரைசல் போதும். தேங்காயெண்ணெயோ பெற்றோலிய எண்ணெயோ இறப்பரில் பட விடவேண்டாம். கடினமான ஓடு கொண்ட, தானாகக் கழலும் அமைப்புகள் சரியாகச் சீர்செய்யப்பட்டாலே பாதுகாப்பானவை. சீர்செய்யத் தெரிந்தவர் அருகில் இல்லாத ஊரில் அவை வேண்டாம்.

ஃபின் எனப்படும் அடித்தகட்டை மாற்றி அமைக்க வேண்டுமா?

வேண்டாம். தொழிற்சாலை அளவிலேயே விடுங்கள். திருகாணிகள் இறுக்கமாக உள்ளனவா என்று மட்டும் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

கயிறு, கைபிடி, கையுறை பற்றி?

வள்ளத்தில் கிடக்கும் நைலோன் நங்கூரக் கயிறு இதற்கு உதவாது. அது நீரில் அமிழும். இறப்பர்போல் நீண்டு, கைவிட்டால் திரும்பி அடிக்கும். மிதக்கக்கூடிய, அளவாக மட்டுமே நீளும் நீர்ச்சறுக்குக் கயிறு வேண்டும். வேக்போர்டுக்கான சற்றும் நீளாத கயிற்றைப் பாவித்தால் ஒவ்வொரு வெட்டும் தோள்மூட்டில் இடிக்கும். முதலில் 23 மீற்றர் நீளத்தில் ஓடி, பின்னலையை இருபுறமும் அச்சமின்றிக் கடந்தபின் 18.25 மீற்றருக்கு வாருங்கள்.

கைபிடியின் அகலம் 12 அல்லது 13 அங்குலம், தடிப்போ கைக்கேற்றது. தடிப்பு கூடினால் விரல்கள் முழுதாகச் சுற்றாமல் முன்கைத் தசை விரைவில் சோரும். கைபிடிக்கும் கயிற்றுக்கும் இடைப்பட்ட முக்கோணத்துக்குள் கையையோ தலையையோ ஒருபோதும் நுழைக்கக் கூடாது. கையுறை உள்ளங்கையில் இறுக்கமாக இருக்கட்டும். மடிப்பு விழுந்தால் அங்கேயே கொப்புளம் வரும்.

எந்த உயிர்காப்பு அங்கி, எந்த உடை?

பயணப் படகுகளில் தரும் செம்மஞ்சள் அங்கி விழும் வேகத்தில் கழுத்துக்கு மேலே ஏறிவிடும். ஐ.எஸ்.ஓ. 12402-5 தரத்தில், 50 நியூட்டன் மிதவை உள்ள, மூன்று நான்கு பட்டிகளோடு உடலை ஒட்டி இருக்கும் அங்கியே உரியது. தோளைப் பிடித்து மேலே தூக்கினால் காதுவரை ஏறும் அங்கி பெரியது. மோதலைத் தாங்குவதற்கென்று விற்கப்படும் மெல்லிய அங்கிகளில் பல போதிய மிதவை தருவதில்லை. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அணியவேண்டும். தலை மோதி மயங்கியவருக்கு நீச்சல் உதவாது.

நியோப்பிரீன் (செயற்கை இறப்பர்) அரைக்காற்சட்டை இங்கே குளிருக்காகத் தேவைப்படாது. ஆயினும் அமர்ந்தபடி வேகமாக நீரில் விழும்போது அழுத்தத்தோடு நீர் உடலுக்குள் புகுந்து உட்காயம் ஏற்படுத்தக்கூடும் என்பதால் ஆண், பெண் இருவருமே அதை அணிவது நல்லது. பெண்களுக்கு முழுக்கை, முழுக்கால் மூடிய இறுக்கமான நீச்சலுடை வெயிலுக்கும் இழுதுமீனின் சொறிக்கும் சேர்த்துப் பயன்படும். சேலைத்துணி, சால்வை, தளர்ந்த சட்டை எதுவும் வேண்டாம். தாலிக்கொடியையும் மோதிரத்தையும் கரையிலேயே கழற்றி வையுங்கள்.

நீரிலிருந்து எழுவதற்கு முன் கரையில் எதைப் பழகலாம்?

மணலில் பலகையை மாட்டி அமர்ந்து, முழங்காலை நெஞ்சோடு அணைத்து, கைகளை முழங்காலின் இருபுறமும் நீட்டிக் கைபிடியைப் பிடியுங்கள். இன்னொருவர் கயிற்றை மெதுவாக இழுக்கட்டும். கை மடியாமல், முழங்கால் நீளாமல், குந்திய நிலைக்கு உடல் தானாக வரும்வரை இதைப் பழகவேண்டும். நீரிலும் செய்யவேண்டியது இதுதான்: எழ முயலாமல் படகு எழுப்பும்வரை குந்தியிருப்பது. ஓட்டுநரும் முழு விசையையும் ஒரேயடியாகக் கொடுக்காமல் சீராகக் கூட்டவேண்டும். மூன்று நான்கு முறை எழாவிட்டால் அன்றைக்கு நிறுத்துங்கள், ஏனெனில் களைத்த பிடியோடு செய்யும் அடுத்த முயற்சியில்தான் தசை கிழிகிறது.

பழைய பலகையைக் கனடாவிலிருந்து கொண்டுவரச் சொல்லலாமா?

சொல்லலாம்; அதுவே பெரும்பாலும் மலிவான வழி. அகன்ற பொழுதுபோக்குப் பலகைகள் பல வீட்டு வாகனக் கொட்டகைகளில் பாவிப்பின்றிக் கிடக்கின்றன. அனுப்புபவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: அடிப்பக்கம், விளிம்புகள், ஃபின் பொருந்தும் இடம், பூட்டின் இறப்பர். விளிம்பில் வெடிப்பு இருந்தாலோ, தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் சத்தம் வேறாகக் கேட்டாலோ உள்ளே நீர் புகுந்திருக்கலாம். பூட்டின் இறப்பர் வெடித்திருந்தால் பரவாயில்லை, புதிய பூட் பொருத்தலாம். துளைகளின் இடைவெளி பொருந்துமா என்று மட்டும் உறுதிசெய்யுங்கள். உயிர்காப்பு அங்கியைப் பழையதாக வாங்க வேண்டாம்.

67 அங்குலப் பலகை 170 சென்ரிமீற்றர் நீளமானது. கட்டுநாயக்கவுக்கு வரும் பெரிய விமானங்களில் விளையாட்டுப் பொருளாக ஏற்ற முன்பதிவு செய்யலாம். பலாலிக்குச் சென்னையிலிருந்து வருபவை சிறிய விமானங்கள் என்பதால், நீளப்பொதியை ஏற்பார்களா என்று சீட்டு எடுப்பதற்கு முன்பே கேட்கவேண்டும்.

உவர்நீரில் பாவித்தபின் எப்படிப் பேணுவது?

ஏரிப் பலகைகளுக்கு இல்லாத தொல்லை இது. அலுமினியத் தகடும் உருக்குத் திருகாணியும் உப்பில் ஒன்றையொன்று அரித்து இறுகிவிடும். சில மாதம் கவனியாமல் விட்டால் திருகாணியைக் கழற்ற முடியாது. ஒவ்வொரு முறையும் பலகை, பூட், ஃபின், கயிறு, அங்கி யாவற்றையும் நன்னீரால் கழுவி நிழலில் உலர்த்துங்கள். பல ஊர்களில் கிணற்று நீரே உவராக இருப்பதால், கடைசி வாளியாவது நல்ல நீராக இருக்கட்டும். மாதம் ஒருமுறை திருகாணிகளைக் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டவேண்டும். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் பலகையை விட்டால் வெப்பத்தில் அடுக்குகள் பிரியும்.

பிள்ளைகளும் அதே பலகையைப் பாவிக்கலாமா?

கிட்டத்தட்ட உங்கள் எடையுள்ள பிள்ளை பாவிக்கலாம், பூட் பொருந்தினால். சிறுவர்களுக்கு 67 அங்குலப் பலகை திருப்ப முடியாத பாரம். பூட் தளர்ந்தால் கால் உள்ளே புரண்டு சுளுக்கும். அவர்களுக்கு இரு பலகைகள் கொண்ட சோடி ஒன்றை வாங்குங்கள். அவ்வகைச் சோடிகள் பலவற்றில் ஒரு பலகையின் பூட்டுக்குப் பின்னால் பட்டியும் இருக்கும். பிள்ளை வளரும்போது அதையே ஒற்றைப் பலகையாகவும் பாவிக்கலாம்.